கார் நிற்கும் இடத்துக்கு எந்தத் தரை? கான்கிரீட், பார்க்கிங் டைல்ஸ், பேவர், கிரானைட், எபாக்சி: ஓர் ஒப்பீடு

ஹாலுக்கும் சமையலறைக்கும் கடை கடையாக ஏறி இறங்கி டைல்ஸ் பார்ப்பவர்கள், போர்டிகோ என்று வரும்போது "மேஸ்திரி, நீங்களே பார்த்து ஏதாவது போட்டுடுங்க" என்று விட்டுவிடுகிறார்கள். அதற்குள் கையிருப்பு கரைந்திருக்கும், கிரகப்பிரவேசத் தேதியும் குறித்தாகியிருக்கும். வீட்டிலேயே அதிக எடை ஏறும் தரை அதுதான் என்பது குடிபோய் ஒரு வருடம் கழித்து, டயர் ஏறும் வரிசையில் மூன்று டைல்ஸ் விரிந்த பிறகு தெரியவரும்.

வாசகர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: பார்க்கிங் டைல்ஸா, பேவர் பிளாக்கா? கிரானைட் போட்டால் வழுக்குமா? பக்கத்துத் தெருவில் எபாக்சி (கான்கிரீட்மேல் பூசும் பிசின் பூச்சு) பளபளவென்று போட்டிருக்கிறார்கள், அது நமக்கு ஒத்துவருமா?

தமிழ்நாட்டுத் தனி வீட்டை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். நாலு சுவரும் ஷட்டரும் வைத்த கார் ஷெட் நம் ஊரில் குறைவு. மாடி பால்கனிக்குக் கீழே பாதி மூடியும் பாதி திறந்தும் இருக்கும் போர்டிகோதான் அதிகம். காரும் அங்கேதான், இரண்டு பைக்கும் அங்கேதான், வீட்டுக்குள் போகிற வழியும் அதுவேதான். பல வீடுகளில் தண்ணீர்த் தொட்டியும் அதற்கடியில்தான் இருக்கிறது. வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் கராஜ் தரை ஆலோசனைகள் நமக்குப் பாதிக்கு மேல் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம்.

## தேர்வுக்கு முன் பார்க்க வேண்டியவை

அடியில் என்ன இருக்கிறது? என்னைக் கேட்டால் பாதி முடிவு இங்கேயே ஆகிவிடுகிறது. அடித்தளத்தை உயர்த்தக் கொட்டிய நிரப்பு மண்ணை அரை அடி, முக்கால் அடி அடுக்காகத் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்கியிருக்கிறார்களா, அல்லது லாரியில் கொட்டி மேலே மட்டம் தட்டிவிட்டார்களா? இறுகாத மண் முதல் இரண்டு மழைக்காலத்தில் அமுங்கும். அதன்மேல் எந்த விலை டைல்ஸ் போட்டாலும் விரியும். கோவில்பட்டிப் பக்கம் போலக் கரிசல் மண் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மழையில் உப்பி வெயிலில் சுருங்குகிற மண் அது. ஒரு குறிப்பிட்ட ஆழம் வரை அதை எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்பாமல் மேல்வேலையைப் பற்றிப் பேசுவதே வீண்.

அடியில் சம்ப்போ செப்டிக் டேங்க்கோ இருந்தால் அதன் மூடி ஸ்லாப் கார் எடைக்குக் கம்பி கட்டியதா என்று இன்ஜினியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மேல் தரை அந்தக் குறையை ஈடுகட்டாது. சம்ப் சுவர் முடிந்து மண் தொடங்கும் கோட்டில்தான் வழக்கமாக விரிசல் விழும். அந்தக் கோட்டின்மேல் டைல்ஸின் நடுப்பகுதி வராமல் இணைப்பு வரும்படி அமைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

வெயிலும் மழையும் எவ்வளவு படும்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தாலே பட்டியலில் ஒன்றிரண்டு தானாகக் கழன்றுவிடும்.

டயர் எங்கே திரும்புகிறது? ஒரு டன் எடையுள்ள சின்ன காரில் சக்கரத்துக்குச் சுமார் 250 கிலோ. வழக்கமான டயர் காற்றழுத்தத்தில் அந்த எடை தரையில் அமர்வது ஓர் உள்ளங்கை அளவு இடத்தில். நேராக உருண்டு வந்து நிற்கும்வரை பெரிய தொல்லை இல்லை. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை முழுதாகச் சுற்றும்போதுதான் அந்த உள்ளங்கை தரையைத் திருகுகிறது. குறுகிய தெருவில் நாலு தடவை முன்னும் பின்னும் எடுத்து உள்ளே ஏற்றுகிற வீடுகளில் கேட்டை ஒட்டிய பகுதி மட்டும் சீக்கிரம் போவது இதனால்தான். பைக் ஸ்டாண்டையும் மறக்கக்கூடாது. சைடு ஸ்டாண்டின் நுனி சில சதுர சென்டிமீட்டர்தான். கார் டயருக்கு அசையாத பூச்சு, ஸ்டாண்டின் நுனியில் உரிந்துவரும்.

யார் நடக்கிறார்கள்? ஈரக்காலோடு வரும் குழந்தை, செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும் தாத்தா பாட்டி, காலையில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுபவர். இவர்களுக்கு வழுக்கக்கூடாது. ஆனால் ஆழமான மேடுபள்ளம் உள்ள தரையில் கோலம் நிற்காது, பெருக்கினாலும் அழுக்கு போகாது. வாசலை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு மட்டும் மழமழப்புக் குறைந்த சமதளக் கல் போட்டுவிட்டு, மீதிக்குச் சொரசொரப்பானது போடுவது நல்ல ஏற்பாடு.

பின்னால் தோண்ட வேண்டி வருமா? பாதாளச் சாக்கடை இணைப்பு, புதுக் குடிநீர்க் குழாய், நாளைக்கு மின்சார கார் வந்தால் சார்ஜருக்கு ஒயர். எந்தத் தரை போட்டாலும் அதற்கு முன் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு இரண்டு பி.வி.சி. பைப்பைக் காலியாகப் புதைத்து வையுங்கள். செலவு சொற்பம். பிற்பாடு உடைக்கும் கூலிக்கு முன் அது ஒன்றுமே இல்லை.

வாட்டம் எல்லாத் தரைக்கும் பொது. பத்தடி நீளத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் சரிவு, வீட்டை விட்டு விலகி. தெருவுக்கா, மழைநீர்த் தொட்டிக்கா என்பதை முதலிலேயே முடிவுசெய்யுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் வீட்டுக்குள்ளேயே அதற்கு ஒரு குழி இருக்கும். ஆனால் ஆயில் கலந்த போர்டிகோத் தண்ணீரைக் கிணற்றுக்கு அருகே இறக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. சம்ப் மூடியின் விளிம்பு தரைமட்டத்தை விட இரண்டு அங்குலமாவது உயரமாக இருக்கட்டும், டயர் பாதையை விட்டு விலகியும் இருக்கட்டும். இல்லையென்றால் கார் கழுவிய தண்ணீரைத்தான் குடிக்க வேண்டியிருக்கும்.

## வெறும் கான்கிரீட் தரை

யாரும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்காதது. எனக்கோ ஐந்தில் இதன்மேல்தான் மதிப்பு அதிகம்.

கணக்கு எளிது. 10 அடிக்கு 18 அடி இடம், 4 அங்குலக் கனம் என்றால் 60 கன அடி. எம்20 கலவையில், அதாவது சிமெண்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற கணக்கில், சிமெண்ட் 13, 14 மூட்டை பிடிக்கும். பெரிய எஸ்.யு.வி. நிற்கும் என்றால் 5 அங்குலம் போடலாம்.

இதில் கெடுவது கலவையால் அல்ல, மூன்று அவசரங்களால்.

முதலாவது இணைப்பு விடாமல் ஒரே பலகையாகப் போடுவது. கான்கிரீட் காயும்போது சுருங்கும், சுருங்கினால் எங்காவது விரியும். எங்கே விரிய வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் அது தன் இஷ்டத்துக்கு விரியும். 4 அங்குலத் தரைக்கு 8 முதல் 10 அடிக்கு ஒரு கோடு, ஒரு அங்குல ஆழத்தில், மறுநாளே மெஷினால் வெட்ட வேண்டும். அல்லது பலகை வைத்துக் கட்டம் கட்டமாகப் போட வேண்டும்.

இரண்டாவது, மேலே சிமெண்ட் தூளைத் தூவி, தண்ணீர் தெளித்து மழமழவென்று தேய்ப்பது. பார்க்க அழகு, ஆனால் அந்தத் தோல் ஒரு வருடத்தில் பொடியாக எழும்பும், மழையில் வழுக்கவும் செய்யும். மட்டம் தட்டி முடிந்ததும், கலவை லேசாக இறுகும் நேரத்தில் துடைப்பத்தையோ ஈரச் சாக்கையோ ஒரே போக்கில் இழுத்துக் கோடு போட்டுவிடுவது போதும். கோடுகள் வாட்டத்தின் போக்கிலேயே இருந்தால் தண்ணீர் தங்காது.

மூன்றாவது தண்ணீர் ஊற்றாமல் விடுவது. இப்போது கடையில் கிடைக்கும் பி.பி.சி. (எரிசாம்பல் கலந்த) சிமெண்டுக்குப் பாத்தி கட்டிப் பத்து நாள் தண்ணீர் நிறுத்துவது முறை. மூன்றாம் நாள் "போதும் சார், செட் ஆயிடுச்சு" என்பார்கள். இறுகியது உண்மை, பலம் வந்தது உண்மையல்ல. கார் ஏற்ற 3, 4 வாரம் பொறுத்திருப்பது நல்லது.

மறைமுகச் செலவு இதில் குறைவு. சாம்பல் நிறம் பிடிக்காமல் போகலாம், ஆயில் கறை பதியும், தோண்டினால் ஒட்டுப்போட்ட தடம் நிரந்தரமாகத் தெரியும். பெரிய லாபம் என்னவென்றால், இது முடிவான தரையாகவும் இருக்கலாம், இரண்டு வருடம் கழித்துக் கையில் பணம் வரும்போது டைல்ஸுக்கோ கிரானைட்டுக்கோ அடித்தளமாகவும் ஆகலாம். அதற்குள் மண் அமுங்க வேண்டியதும் அமுங்கி முடிந்திருக்கும்.

ட்ரீமிக்ஸ் என்று ஒன்று சொல்வார்கள். போட்ட கான்கிரீட்டிலிருந்து உபரித் தண்ணீரை மெஷினால் உறிஞ்சி, மேலே சுழலும் தகட்டால் தேய்ப்பது. அடுக்குமாடிகளின் ஸ்டில்ட் பார்க்கிங்குக்கு அருமையானது. 180 சதுர அடிக்கு அந்த மெஷினும் ஆட்களும் வருவது கட்டுப்படியாகாது.

## பார்க்கிங் டைல்ஸ்

இன்றைக்கு அதிகம் போடப்படுவது இதுதான், அதிகம் புகார் வருவதும் இதில்தான்.

கடையில் இந்தப் பெயரில் இரண்டு சாமான்கள் கிடைக்கும். ஒன்று, அச்சில் வார்த்த சிமெண்ட் டைல்ஸ். மேலே கால் அங்குலம் போல வண்ணப் பூச்சு அடுக்கு, கீழே சாதாரண சிமெண்ட். விலை மலிவு, கனமும் இருக்கும். ஆனால் டயர் திரும்பும் இடத்தில் வண்ணம் தேய்ந்து அடி தெரியத் தொடங்கும். மற்றது சூளையில் சுட்ட விட்ரிஃபைடு டைல்ஸ். வீட்டுக்குள் போடுவது 8, 9 மி.மீ. இருக்கும், பார்க்கிங்குக்கு வருவது 12 முதல் 16 மி.மீ. வரை. ஒரு அடிக்கு ஒரு அடி, 16 அங்குலத்துக்கு 16 அங்குலம் ஆகிய அளவுகள் வாட்டத்துக்கு வளைந்துகொடுக்கும். இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸை இங்கே போடாதீர்கள்.

வாங்கும்போது டைல்ஸைத் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டில் கனம் அளந்து பாருங்கள். முதுகில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். நல்ல விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது, விட்ட தண்ணீர் அப்படியே நிற்கும். சட்டென்று உறிஞ்சி நிறம் மாறினால் அது மெல்லிய செராமிக் சாமான், பெயரில் மட்டும்தான் பார்க்கிங். வழுக்குத் தன்மைக்கு ஆர்10, ஆர்11 என்று (எண் கூடினால் பிடிப்பு கூடும்) பெட்டியில் போட்டிருந்தால், மழை படும் இடத்துக்கு ஆர்11 வாங்குங்கள்.

சரி, நல்ல டைல்ஸ்தான் வாங்கினோம், ஏன் விரிகிறது? பதினாறு மி.மீ. டைல்ஸ் டயர் எடைக்கு உடைவதில்லை. அடியில் வெற்றிடம் இருந்தால் உடைகிறது. நம் ஊர்ப் பழக்கம் என்ன? ஈரம் குறைந்த கலவையை விரித்து, அதன்மேல் சிமெண்ட் பால் ஊற்றி, டைல்ஸை வைத்து ரப்பர் சுத்தியலால் நாலு மூலையிலும் தட்டி மட்டம் பார்ப்பது. மட்டம் சரியாக இருக்கும், ஒட்டியிருக்காது. அந்தக் காலத்து மொசைக் டைல்ஸ் தண்ணீர் குடிக்கும் சாமான், சிமெண்ட் பாலைப் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைடு குடிக்காது, அதனால் பிடிக்காது. அடியில் காய்ந்த கான்கிரீட், அதன்மேல் பல்வெட்டுக் கரண்டியால் முழுதாகப் பரப்பிய டைல் பசை, டைல்ஸின் முதுகிலும் ஒரு பூச்சு. இதுதான் இதற்குரிய முறை.

வேலை முடிந்த மறுவாரம், கூலியின் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு குத்தவைத்து உட்காருங்கள். ஒவ்வொரு டைல்ஸிலும் நடுவிலும் நாலு மூலையிலும் தட்டுங்கள். 'டிக்' என்று கட்டையான சத்தம் வந்தால் சரி. 'டொக்' என்று உள்ளே காலியாக எதிரொலித்தால் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். டயர் பாதையில் விழுந்த வட்டங்களை அப்போதே மாற்றச் சொல்லிவிடலாம். மற்ற இடங்களில் ஒன்றிரண்டு இருந்தால் போகட்டும்.

மறைமுகச் செலவுகள்: அடியில் கான்கிரீட் (இதை டைல்ஸ் விலையில் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை), பசை, இணைப்புப் பூச்சு, வெட்டுச் சேதாரத்துக்கு நூற்றுக்குப் பத்து அதிகம். கூடவே ஒரு பெட்டியை முழுதாக எடுத்து மாடிப்படிக்கு அடியில் வைத்துவிடுங்கள். அடுத்த வருடம் அந்த டிசைன் வராது. போர்வெல் தண்ணீர் உப்பாக உள்ள வீடுகளில் கருநிற டைல்ஸ் வேண்டாம். கார் கழுவிக் காய்ந்ததும் வெள்ளைப் படலம் கட்டும், அதை ஆசிட் ஊற்றித் தேய்த்தால் இணைப்பிலுள்ள சிமெண்ட் அரித்துப்போகும்.

## பேவர் பிளாக்

இதற்கு இந்தியத் தரநிலையே உண்டு: ஐ.எஸ். 15658. லேசான போக்குவரத்துக்கு 60 மி.மீ. கனம், எம்35 பலம். நடுத்தரத்துக்கு 80 மி.மீ., எம்40. வீட்டுக் காருக்கு 60 போதும். 50 மி.மீ. என்பது நடைபாதைக்கு, அதைக் காருக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

இதன் பெருமையே கழற்றி மாட்டலாம் என்பதுதான். குழாய் வெடித்தால் பத்துக் கல்லை எடுத்து, சரிசெய்து, அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம். மண் அமுங்கினால் எடுத்து மணல் நிரப்பிச் சமன் செய்யலாம். தெருவில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு வீட்டை விட உயர்த்திவிடுவது நம் நகரங்களின் தீராத தலைவலி. அப்போது வாட்டத்தை மாற்றி அமைக்க முடிகிற ஒரே தரை இதுதான். மழைத் தண்ணீரும் இடைவெளி வழியே ஓரளவு கீழே இறங்கும்.

ஆனால் இது கல்லால் நிற்பதல்ல, அடியில் இறுக்கிய ஜல்லியால் நிற்பது. நாலு முதல் ஆறு அங்குலம் ஜல்லியும் கிரஷர் பொடியும் கலந்து வைப்ரேட்டரால் இறுக்க வேண்டும். அதன்மேல் ஒரு அங்குலம் போல மணல், அதன்மேல் கல், திரும்ப வைப்ரேட்டர், இடுக்குகளில் நைஸ் மணல். சுற்றிலும் கான்கிரீட் விளிம்பு கட்டாயம். விளிம்பு இல்லாவிட்டால் டயர் திருகத் திருகக் கற்கள் வெளிப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும். வெறும் மண்ணில் எம்சாண்டைக் கொட்டிப் பதித்தால் அடுத்த தீபாவளிக்குள் டயர் போகும் இரண்டு கோடுகளும் பள்ளமாகித் தண்ணீர் நிற்கும். ஜிக்ஜாக் வடிவக் கல், மீன்முள் அடுக்கு இரண்டும் டயர் திருகலைத் தாங்கும். நேர்வரிசை அடுக்கு தாங்காது.

தொல்லைகள்: இடுக்கில் அருகம்புல் முளைக்கும், எறும்பு மணலை வெளியே தள்ளிக் குவிக்கும், வருடம் ஒருமுறை மணல் போட்டுப் பெருக்க வேண்டும். சிவப்பு, மஞ்சள் வண்ணங்கள் வெயிலில் வெளுக்கும். புல் வருகிறதே என்று இடுக்குகளில் சிமெண்ட் பாலை ஊற்றிவிடுகிறார்கள். அதோடு கழற்றும் வசதியும் போயிற்று, தண்ணீர் இறங்கும் வசதியும் போயிற்று. அதற்குக் கான்கிரீட்டே போட்டிருக்கலாம். பைக் சென்டர் ஸ்டாண்ட் இடுக்கில் மாட்டும், சக்கர நாற்காலி குலுங்கும். வீட்டுச் சுவரை ஒட்டிய இரண்டடிக்கு மட்டும் தண்ணீர் இறங்காத தரை போட்டுவிடுங்கள், அடித்தளத்தை ஈரமாக்க வேண்டாம்.

## கிரானைட்டும் கடப்பாவும்

கிரானைட் என்றதும் பாலிஷ் போட்டதை நினைக்காதீர்கள். மழைத் தண்ணீரோடு மெல்லிய தூசியும் சேர்ந்தால் அதில் நடக்கவே முடியாது. போர்டிகோவுக்கு வேண்டியது ஃபிளேம்டு, அதாவது கல்லின் முகத்தைத் தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கியது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் குவாரியும் பட்டறையும் அருகில் என்பதால் ஏற்றுகூலி குறையும். மற்றவர்களுக்குக் கல் விலையோடு சுடும் கூலி, வெட்டுக் கூலி, லாரி, இறக்கும் ஆட்கள் எல்லாம் தனித்தனியாக ஏறும். ஐந்தில் விலை அதிகம் இதற்குத்தான்.

18, 20 மி.மீ. பலகை முழுமையான கலவைப் படுக்கையில் உட்கார்ந்தால் கார் தாங்கும். இங்கேயும் வெற்றிடம்தான் எதிரி. இரண்டடிக்கு இரண்டடிக்கு மேல் போகாமல், 3 மி.மீ. இடைவெளி விட்டுப் பதிக்கச் சொல்லுங்கள். சொரசொரப்பான முகம் ஆயிலைக் குடிக்கும். பதித்துக் காய்ந்ததும் கல்லுக்கான சீலர் ஒரு பூச்சுக் கொடுத்தால் கறை குறையும். அதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை. ஒழுங்காகப் பதித்த கிரானைட்டை வீட்டுக்காரர் மாற்ற நினைத்தாலொழிய அது மாறாது.

கடப்பா கல் மலிவு என்பதால் பலர் கேட்கிறார்கள். அது சுண்ணாம்பு வகைக் கல். பேட்டரி ஆசிட் சொட்டினாலோ பாத்ரூம் ஆசிட் ஊற்றிக் கழுவினாலோ வெளுத்த தழும்பு விழும், சில கற்கள் அடுக்கு அடுக்காகப் பெயரும். கருநிறக் கல் என்பதால் வெயிலில் சூடு வேறு. பின்கட்டுத் துவைக்கும் இடத்துக்குப் போடலாம், காருக்கு வேண்டாம்.

## எபாக்சி

கார் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு ஆசைப்படுகிற சாமான். ஆயில் கறை துடைத்தால் போய்விடும், தூசி எழும்பாது, பெருக்குவது சுகம். மூடிய ஷெட்டில் நான் இதற்கு எதிரியல்ல. பாதி திறந்த போர்டிகோவில் எதிரிதான்.

காரணங்கள் மூன்று. வெயில் பட்டால் சாதாரண எபாக்சி மஞ்சளித்துப் பொடி எழும்பும், மேலே பாலியூரித்தேன் பூச்சு கொடுத்தால் அது தாமதமாகும், செலவு கூடும். ஈரத்தில் மழமழப்பான எபாக்சி கண்ணாடி மாதிரி வழுக்கும், மணல் தூவிய வகை கேட்டு வாங்க வேண்டும். மூன்றாவதுதான் கண்ணுக்குத் தெரியாதது: நிலத்தடி ஈரம். தரைக்கு அடியில் பாலித்தீன் ஷீட் விரிக்காமல் கான்கிரீட் போட்டிருந்தால் கீழிருந்து ஏறும் ஈரம் பூச்சைத் தள்ளிக் கொப்புளமாக்கும். நீர்மட்டம் மேலே இருக்கும் கடலோரப் பகுதிகளில் இது சாதாரணம். ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப்பால் தரையோடு ஒட்டி, ஓர் இரவும் பகலும் விட்டு எடுத்துப் பாருங்கள். அடியில் நீர்த்துளியோ கருமையோ இருந்தால் எபாக்சி எண்ணத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

புதுக் கான்கிரீட் 28 நாள் ஆறிய பிறகு, மேல்தோலை மெஷினால் தேய்த்து எடுத்து, தூசியை உறிஞ்சிய பின்தான் பூச வேண்டும். செலவில் பெரும்பங்கு இந்தத் தயாரிப்பில்தான். "அதெல்லாம் வேண்டாம் சார், ஆசிட் வாஷ் பண்ணிட்டு அடிச்சிடலாம்" என்கிற ஆள் குறைந்த விலை சொல்வார். அந்தப் பூச்சு, நெடுஞ்சாலையில் ஓடிச் சூடேறிய டயர் வந்து நிற்கும் இடத்தில், டயரோடு ஒட்டிக்கொண்டு உரிந்துவரும்.

## ஒரே பார்வையில்

| | கான்கிரீட் | பார்க்கிங் டைல்ஸ் | பேவர் | ஃபிளேம்டு கிரானைட் | எபாக்சி |
|---|---|---|---|---|---|
| செலவு | குறைவு | நடுத்தரம் | நடுத்தரம் | அதிகம் | கான்கிரீட் செலவும் சேர்ந்து நடுத்தரத்துக்கு மேல் |
| மறைந்திருக்கும் செலவு | இணைப்பு வெட்டுதல், பத்து நாள் தண்ணீர் | அடிக் கான்கிரீட், பசை, உபரிப் பெட்டி | ஜல்லி அடுக்கு, விளிம்பு, வருடாந்தர மணல் | சுடும் கூலி, ஏற்றிறக்கு, சீலர் | தேய்க்கும் மெஷின், மேல்பூச்சு, மறுபூச்சு |
| மண் அமுங்கினால் | விரியும் | விரியும் | எடுத்துச் சரிசெய்யலாம் | விரியும் அல்லது ஆடும் | அடித்தரையோடு விரியும் |
| வெயில், மழை | கவலையில்லை | நல்ல சாமான் என்றால் கவலையில்லை | வண்ணம் வெளுக்கும் | கவலையில்லை | ஆகாது |
| ஈரத்தில் பிடிப்பு | கோடு இழுத்தால் நன்று | ஆர்11 என்றால் நன்று | நன்று | நன்று | மணல் தூவினால் மட்டும் |
| ஆயில் கறை | பதியும் | துடைக்கலாம், இணைப்பில் பதியும் | பதியும், கல்லை மாற்றலாம் | சீலர் இருந்தால் குறையும் | துடைத்தால் போகும் |
| தோண்டினால் | ஒட்டுத் தெரியும் | அதே டிசைன் வேண்டும் | தடமே தெரியாது | வெட்டி எடுப்பது கடினம் | ஒட்டுத் தெரியும் |

## யாருக்கு எது

புது வீடு, நிரப்பு மண் போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை, பணமும் இறுக்கம் என்றால் கோடு இழுத்த கான்கிரீட். தயங்கவே வேண்டாம். மண் ஆழமாக நிரப்பிய மனை, அல்லது தெருவில் இன்னும் பாதாளச் சாக்கடை வரவில்லை என்றால் பேவர். விளிம்புக்கும் ஜல்லிக்கும் கஞ்சம் பிடிக்காத வரை அது காப்பாற்றும்.

பால்கனிக்கு அடியில் இருக்கும் சின்ன போர்டிகோ, அடியில் நல்ல கான்கிரீட், பசை வைத்துப் பதிக்கத் தெரிந்த டைல்ஸ் ஆள். மூன்றும் அமைந்தால் பார்க்கிங் டைல்ஸ் பார்க்கவும் பெருக்கவும் நன்றாக இருக்கும். மூன்றில் கடைசி அமையவில்லை என்றால் டைல்ஸை விட்டுவிடுங்கள். வயதானவர்கள் இருக்கும் வீடு, இருபது வருடம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க விருப்பமில்லை, பணம் இருக்கிறது என்றால் ஃபிளேம்டு கிரானைட்டைத் தாண்டி யோசிக்க எதுவுமில்லை. ஷட்டர் வைத்த மூடிய ஷெட், ஈரச் சோதனையில் தேறிய தரை, வண்டியைத் தானே பிரித்து மாட்டுகிற ஆசாமி. இவருக்குத்தான் எபாக்சி.

ஒரே இடத்தில் இரண்டைக் கலப்பதும் தப்பில்லை. கேட்டிலிருந்து பால்கனி விளிம்பு வரை பேவர், அதற்கு உள்ளே டைல்ஸோ கிரானைட்டோ என்று பல வீடுகளில் நன்றாக நிற்கிறது. இரண்டும் சேரும் இடத்தில் மட்டும் கான்கிரீட் பட்டை ஒன்று குறுக்கே போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் பேவர் பக்கம் தாழ்ந்து டைல்ஸ் விளிம்பு உடையும்.

## பழைய தரைமேல் புதிது போடுவதென்றால்

பழைய தரையை முதலில் நாணயத்தால் தட்டிப் பார்த்து, தண்ணீர் ஊற்றி எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். விரிசல் ஒரே இடத்தில் நின்றுவிட்டதா, வருடா வருடம் அகலமாகிறதா என்பதும் முக்கியம். அகலமாகிற விரிசலின்மேல் எதை ஒட்டினாலும் அதே கோட்டில் மேலேயும் விரியும். அங்கே உடைத்து எடுத்து மண்ணை இறுக்குவதைத் தவிர வழியில்லை.

தரை உறுதியாக இருந்தால் அதன்மேலேயே டைல்ஸ் ஒட்டலாம். ஆனால் பசையும் 16 மி.மீ. டைல்ஸும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு அங்குலம் உயரும். கிரானைட்டைக் கலவைப் படுக்கையில் பதித்தால் இரண்டு அங்குலத்துக்குக் குறையாது. அந்த உயரம் எங்கெல்லாம் இடிக்கும் என்று சாமான் வாங்கும் முன் டேப்பை வைத்து அளந்துவிடுங்கள்: கேட்டின் அடிக்கம்பி, வாசற்படியின் முதல் படி, சம்ப் மூடியின் விளிம்பு, மழைநீர்க் குழாயின் வாய், தெருவிலிருந்து ஏறும் சரிவு. சரிவு செங்குத்தாகிவிட்டால் அதைத் தெருவுக்குள் நீட்டாதீர்கள். கால்வாய் வேலை நடக்கும்போது மாநகராட்சி முதலில் உடைப்பது அதைத்தான். கேட்டுக்கு உள்பக்கமாகச் சரிவைத் தொடங்குங்கள். கேட்டை அறுத்துக் குட்டையாக்க வெல்டிங் ஆள் வேண்டியிருந்தால், அவர் வேலையைத் தரை போடும் முன்பே முடித்துவிடுங்கள். வெல்டிங் பொறி விழுந்த புது டைல்ஸில் துருப்புள்ளிகள் போகவே போகாது.